என்ஜின் நிறுத்து

எங்கள் முதலாளி வாயைத் திறந்தால் ஒரே பழமொழிதான் வரும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். அவருக்கு மட்டும் இரண்டும் ஒரே ஆளாக வாய்த்திருந்தது. அவருடைய சொந்தத் தம்பிதான் அந்த அடி. அவனை லாரி கம்பெனியில் எல்லோரும் சுத்தியல் என்றே கூப்பிடுவார்கள். அவனுடைய ஜீப்பில் சீட்டுக்கு அடியில் எப்போதும் கிடக்கிற சாமான் அதுதான். டீசல் திருடினான் என்று சொல்லி ஒரு டிரைவரின் முழங்கால் சில்லை அவன் பட்டப்பகலில் உடைத்ததை யார்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. உடைத்து முடித்துக் கை கழுவ வந்தவன் என்னைப் பார்த்து, "சோப்பு இருக்காக்கா?" என்று கேட்டான். குரலில் அவ்வளவு மரியாதை. எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

என் வேலை ஸ்கிரீன் பார்ப்பது. ஒவ்வொரு லாரியிலும் டேஷ்போர்டுக்கு உள்ளே ஒரு ஜி.பி.எஸ் பெட்டி இருக்கும். அது சொல்லச் சொல்ல, சாட்டிலைட் படத்தின் மேல் பச்சைப் புள்ளியாக வண்டி நகரும். நின்றால் சிவப்பு. போகவேண்டிய பாதையை விட்டு விலகினால் மஞ்சளாகி, பசித்த குழந்தை மாதிரி கத்த ஆரம்பித்துவிடும். வண்டி நம்பரை யாரும் மனப்பாடம் செய்வதில்லை என்பதால் புள்ளியின் மேல் டிரைவரின் பட்டப்பெயரைப் போட்டுவைத்திருந்தோம். அதுவே பழகிவிட்டது. லாரி திரும்பியது என்று யாரும் சொல்லமாட்டார்கள், மொட்டை திரும்பிட்டான் என்பார்கள்.

புள்ளியை வலது பக்கம் கிளிக் செய்தால் ஒரு பட்டியல் விரியும். அதில் கடைசியாக இருப்பது 'என்ஜின் நிறுத்து'. வண்டி திருடு போனால் இங்கே உட்கார்ந்தபடியே அதை அணைத்துவிடலாம். பெட்டி மாட்ட வந்த ஆள் போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னான்: "ஓடற வண்டியில அமுக்கிடாதீங்க. ஸ்டியரிங் கல்லாயிடும், பிரேக்கும் பிடிக்காது. ஆள் காலி." அதிலிருந்து அந்தப் பக்கம் மவுஸைக் கொண்டுபோகவே எனக்குக் கூசும்.

தம்பியின் ஜீப்பிலும் ஒரு பெட்டி உண்டு. அவனுக்குத் தெரியாமல் முதலாளியே மாட்டியது. சாயங்காலமானால் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "கழுதை கெட்டா குட்டிச்சுவர்தானே, எந்த பார்ல கெடக்கான்னு பாரும்மா" என்பார். திட்டுகிற மாதிரி இருந்தாலும் புள்ளி வீட்டுக்குத் திரும்பும்வரை அவர் ஆபீஸை விட்டுக் கிளம்பமாட்டார். தம்பி என்றால் அவருக்கு உயிர்.

என் வீட்டுக்காரரும் இதே கம்பெனியில்தான் டிரைவர். அவரைப் பற்றி ஒரு வரியில் சொல்வதென்றால், பிள்ளைப்பூச்சி. கொசு கடித்தால்கூட ஊதித்தான் அனுப்புவார். எங்கள் ஊர் டெப்போவிலிருந்து அவர் லோடு ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்புவார். அதே நேரத்தில் மறுமுனை டெப்போவிலிருந்து மொட்டை கிளம்புவான். நடுவழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இரண்டு பேரும் சந்தித்து வண்டியை மாற்றிக்கொள்வார்கள். லோடு அது பாட்டுக்குப் போகும், ஆள் மட்டும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இரண்டு குடும்பத்திலும் ராத்திரி அப்பா வீட்டில் இருப்பார். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆனால் ஸ்கிரீனில் பெயர் மாறாதே, எப்படித் தெரியும்? மத்தியானத்துக்கு மேல் மொட்டை என்ற பெயரில் என் புருஷன் என்னை நோக்கி வந்துகொண்டிருப்பார். அதைப் பார்த்து நான் பாட்டுக்குச் சிரித்துக்கொள்வேன்.

அன்றைக்கு அந்த மொட்டைதான் மஞ்சளாகிக் கத்தினான்.

வண்டியில் செம்புக் கம்பி ரோல்கள். திருடர்கள் மோப்பம் பிடித்து வருகிற சரக்கு. முதலாளி அந்த நேரம் பார்த்து ரூமுக்குள் இருந்தார். எழுந்து வந்து ஸ்கிரீனில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். லாரி மெயின் ரோட்டை விட்டு இறங்கி, பழைய கல்குவாரிப் பக்கம் மண்பாதையில் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் அந்த இடம் முழுக்கச் சொறி பிடித்த தோல் மாதிரி, வெட்டிப் போட்ட குழிகள். குழிகளில் மழைத் தண்ணீர்.

"போன் போடு அவனுக்கு."

மொட்டைக்குப் போட்டேன். ஒரு தடவை மணி அடித்தது, பிறகு ஸ்விட்ச் ஆஃப். எனக்குப் புரிந்தது. அவன் என் வீட்டுக்காரர் லாரியில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறான். ஆபீஸ் நம்பரைப் பார்த்ததும் மாட்டிக்கொண்டோம் என்று பயந்து அணைத்துவிட்டான், பாவி. முதலாளி பார்க்காதபோது மேஜைக்கடியில் என் வீட்டுக்காரருக்கு முயற்சி செய்தேன். அதுவும் ஆஃப்.

முதலாளி அதற்குள் தம்பியைப் பிடித்துவிட்டார். சுத்தியல் அந்தப் பக்கம்தான் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தான். கூட ஓர் அடியாள். "மொட்டை சரக்கை இறக்கப் போறான்டா. விசாரணை கிசாரணை ஒண்ணும் வேணாம். ரெண்டு காலையும் எடுத்துட்டு, அப்புறம் எனக்குச் சொல்லு."

அந்த இரண்டு கால்கள் யாருடையவை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"முதலாளி, அது மொட்டை இல்லை. என் வீட்டுக்காரர். பங்க்குல வண்டி மாத்திக்குவாங்க. ராத்திரி வீட்டுக்கு வர்றதுக்காகத்தான், வேற ஒண்ணுமில்லை. அவர் திருடமாட்டார். வழியில என்னமோ பிரச்சினை, அதான் சுத்திப் போறார்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஓ. புருஷன் வண்டியில, பொண்டாட்டி ஸ்கிரீன்ல. நான் தேடுனா மொட்டைய தேடுவேன், அவன் வேற திசையில போயிருப்பான். நல்லாத்தான் பிளான் போட்டிருக்கீங்க."

"இல்ல முதலாளி, சத்தியமா..."

பேசி முடிப்பதற்குள் என் கொண்டையைப் பிடித்து மேஜையில் மோதினார். முதல் மோதலில் மூக்கு உடைந்தது. இரண்டாவது மோதலில் கீபோர்டு எழுத்து ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் உதட்டில் இறங்கி உப்புக் கரித்தது. என் வாழ்க்கையில் என் அப்பாகூட என்னை அடித்ததில்லை. வலியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

போனில் அவர் சொன்னார்: "தம்பி, உள்ள எவன் இருந்தாலும் சரிடா. இவ புருஷனாம். காலோட நிறுத்தாத."

அதன்பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்து, அவரே வழி சொல்லத் தொடங்கினார். ஜீப் மெயின் ரோட்டிலிருந்து இறங்கிவிட்டது. ஸ்கிரீனில் அதன் புள்ளி மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. கீழ்நோக்கி வருகிற வண்டிக்கு நம்முடைய இடது அதனுடைய வலது. மேப் பார்க்கிற எல்லோரும் முதல் வாரத்தில் செய்கிற தப்பு அது. இவர் "இடது, இடது" என்று கத்த, அங்கே அவன் இடதில் திரும்பி ஒரு முட்டுச்சந்தில் போய் நின்றான். மறுபடி சொன்னார், மறுபடி தப்பு. அடியாள்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுத்தியலுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் சுத்தியலின் குரல் கேட்டது: "அண்ணனை நகரச் சொல்லு. அக்காகிட்ட குடுக்கச் சொல்லு, அவங்க கரெக்டா சொல்வாங்க."

முதலாளி என் தலைமுடியைப் பிடித்தபடியே என்னை நிமிர்த்தி உட்காரவைத்தார். "சொல்லு. தப்பாச் சொன்னா உன் தலை இந்த மேஜையிலயே இருக்கும்."

சொன்னேன். வலது, பிறகு நேராக, பிறகு பெரிய மரத்துக்குப் பக்கத்தில் இடது. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். சரியாகச் சொல்லச் சொல்ல ஜீப்பின் புள்ளி என் வீட்டுக்காரரின் புள்ளியை நெருங்கியது. என் வாயாலேயே என் தாலியை அறுத்துக்கொள்வது என்பது இதுதான். லாரி மேடு ஏறி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் எப்போதும் அப்படித்தான் ஓட்டுவார். மேட்டுக்கு முன்னால் ஒரு இறக்கம். இறக்கத்தின் அடியில் ஒரு திருப்பம். திருப்பத்தை ஒட்டி ஒரு குழி, பாசி பிடித்த தண்ணீர்.

"ரோடு நல்லா இருக்கு, வேகமாப் போகச் சொல்லுங்க. இப்ப விட்டா லாரி மேட்டைத் தாண்டிடும்" என்றேன்.

ஜீப்பின் வேகம் ஏறுவதை எண்ணாகவே பார்க்க முடிந்தது. புள்ளி இறக்கத்துக்குள் வந்தது. நான் அதன்மேல் வலது கிளிக் செய்தேன். பட்டியல் விரிந்தது.

"என்ன பண்ற?"

"மேப்பைப் பெருசாக்குறேன்."

உறுதியா என்று ஸ்கிரீனில் ஒரு கட்டம் கேட்டது. அவருக்குக் கண்ணாடி போடாமல் சின்ன எழுத்து தெரியாது. ஆம் என்பதை அழுத்தினேன். பதற்றத்தில் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். குழி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் அழுத்தினேன்.

ஸ்பீக்கரில் முதலில் என்ஜின் சத்தம் நின்றது. "டேய், ஸ்டியரிங்... ஸ்டியரிங் திரும்பலடா" என்று சுத்தியல் சொன்னான். கத்தக்கூட இல்லை, ஆச்சரியப்படுகிற மாதிரி இருந்தது. அப்புறம் அடியாளின் அலறல், தகரம் கிழிகிற சத்தம், கண்ணாடி, ஏதோ ஒன்று பெரிதாகத் தண்ணீரில் விழுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. லைன் மட்டும் திறந்தே இருந்தது.

"தம்பி? தம்பி. டேய்." சில நிமிஷம் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புள்ளியின் மேல் பளிச்சென்று ஒரு சிவப்புச் சாவிப் படம் வந்து உட்கார்ந்திருந்தது. அதை அப்போதுதான் அவர் பார்த்தார். என்ஜினை அணைத்தால் வருகிற படம் என்று அவருக்குத் தெரியும், காசு கொடுத்து மாட்டியவர் அவர்தானே. அவர் முகம் வெளுத்ததைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி இரண்டு கையும் என் கழுத்தில் இருந்தன. நாற்காலியோடு சாய்ந்து விழுந்தேன். அவர் மேலே. கட்டைவிரல்கள் தொண்டைக்குழியில் இறங்கின. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் செருப்பு கழன்று போனதுகூட ஞாபகம் இருக்கிறது. செத்தேன் என்றே நினைத்தேன்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல். "ஹலோ. யாருங்க லைன்ல? இங்க ஒரு ஜீப்பு தண்ணியில விழுந்து கெடக்கு."

என் வீட்டுக்காரர்.

முதலாளியின் பிடி தளர்ந்தது. எனக்குக் குரல் வரவில்லை, இருமல்தான் வந்தது.

"ஹலோ? மேட்டு மேலருந்து பாத்தேங்க, லாரிய நிறுத்திட்டு ஓடி வந்தேன். என் போன்ல சார்ஜ் இல்ல. இந்த போன் கரையில விழுந்து கெடந்துச்சு. ஒரு ஆள வெளிய தூக்கி எறிஞ்சு... அவர் இல்லைங்க, போயிட்டார். இன்னொருத்தர் உயிரோட இருக்கார். ஜீப்பு தலைகீழா இருக்கு, ஸ்டியரிங் நெஞ்சுல மாட்டியிருக்கு. தண்ணி மூக்கு வரைக்கும் இருக்கு. நான் மோவாயப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். யாராச்சும் ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

"நான்தாங்க" என்றேன்.

"நீயா? நீ எப்படி இந்த போன்ல? சரி, அத விடு. மெயின் ரோட்டுல கண்டெய்னர் கவுந்து கெடக்கு, அதான் குவாரி வழியா வந்தேன். ஸ்கிரீன்ல என் வண்டி இருக்கிற எடம் தெரியுதுல்ல? அங்க அனுப்பச் சொல்லு. சீக்கிரம். என்னால தனியாத் தூக்க முடியாது."

கழுத்தில் இருந்த கைகள் என் காலுக்குப் போயின. முதலாளி தரையில் மண்டியிட்டிருந்தார். "அம்மா, தாயே. நீ சொன்னது நெசம்தான். நான்தான் நம்பல. பிடிச்சுக்கச் சொல்லும்மா. அவன் சின்னப்பய. நான் தூக்கி வளத்த பய. உங்க ரெண்டு பேரையும் ஒண்ணும் பண்ணமாட்டேன், என் புள்ளைங்க மேல சத்தியம்." அழுதுகொண்டே சொன்னார். பொய்யாக அழவில்லை.

நான் மூக்கைத் துடைத்தேன். கை முழுக்க ரத்தம். இந்த ஆளின் கட்டைவிரல் இன்னும் என் தொண்டைக்குள் இருக்கிற மாதிரி வலித்தது. சத்தியத்துக்கு ஆயுசு எவ்வளவு? தம்பி பிழைத்து எழுகிற வரைக்கும். அவன் எழுந்து, ஸ்டியரிங் ஏன் திரும்பவில்லை என்று கேட்பான். அண்ணன் சொல்வார். அப்புறம் எந்தச் சோப்பைக் கொடுத்தாலும் போகாது.

"ஏங்க" என்றேன். "அது சுத்தியல். உங்களை அடிச்சுப் போடத்தான் வந்தான். திருடிட்டுப் போறீங்கன்னு நினைச்சு முதலாளி அனுப்புனார். ஜீப்பை நான்தான் நிறுத்துனேன், இங்கருந்து. அவன் பிழைச்சான்னா முதல்ல உங்க கால், அப்புறம் என் கழுத்து. நாம ரெண்டு பேரும் இல்ல."

தண்ணீர் சலசலத்தது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அந்த முழங்கால் உடைந்த டிரைவரை யார்டிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். அவருக்குத் தெரியும்.

"நீயா நிறுத்துன?"

"ஆமா."

"வேணும்னேவா?"

"ஆமாங்க."

முதலாளி என் பாதத்தில் தலையை முட்டினார். "வேண்டாம்மா. வேண்டாம்."

என் வீட்டுக்காரர் கேட்டார். கடையில் நின்றுகொண்டு சோப்பு எது வாங்கட்டும் என்று கேட்கிற அதே குரல். எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்.

"கையை எடுக்கவா?"

"எடுங்க."

முதலாளி பாய்ந்து வந்தார். மேஜையில் காகிதத்தில் ஓட்டை போடுகிற இரும்பு மெஷின் இருந்தது. அதை எடுத்து அவர் பொட்டில் அடித்தேன். விழவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது அடியில் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து உட்கார்ந்தார். காது பக்கம் ரத்தம் கொட்டியது. கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தண்ணீர் அடிபடுகிற சத்தம். முதலில் பலமாக, பிறகு விட்டு விட்டு, பிறகு இல்லை. "தம்பி" என்றார், மெதுவாக.

நான் போனில், "வண்டியை எடுத்துட்டு பங்க்குக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னேன். ரூமை வெளியே பூட்டினேன். குழாயில் முகம் கழுவினேன். யார்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்காமலிருப்பது அவர்களுக்குப் பழக்கம்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் வீங்கின மூக்கையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது என் கையைத் தொட்டு, "விட்டுட்டு வந்துடும்மா அந்த ஆளை. இப்படி அடிக்கிறவன் திருந்தவே மாட்டான்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

லாரி பங்க்கின் ஓரத்தில் நின்றிருந்தது. அவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வரை ஈரம், சட்டையில் பச்சைப் பாசி. என் முகத்தைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். நான் டேஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு ஜி.பி.எஸ் பெட்டியை ஒயரோடு பிடுங்கினேன். அதைப் பக்கத்தில் நின்றிருந்த குப்பை டிரம்மில் போட்டேன். இனி எந்த ஸ்கிரீனிலும் நாங்கள் இல்லை. உயிரோடு இருக்கிறார், பக்கத்தில் இருக்கிறார், அது போதும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, சொல்வதற்கென்ன.

"எங்கயாச்சும் போங்க" என்றேன்.

வண்டியை எடுத்தார். ஊர் தாண்டி, வயல் தாண்டி, பேர் தெரியாத ரோட்டில் ரொம்ப தூரம் போனபிறகுதான் சொன்னார்.

"உன்கிட்ட கையை எடுக்கவான்னு கேட்டேன்ல. அது அவனுக்கும் கேட்டுச்சு."

நான் அவரைப் பார்த்தேன்.

"எனக்குக் கை வலிக்குதுபோலன்னு நினைச்சுட்டான். 'மாத்திப் பிடிங்கண்ணே, அதுவரைக்கும் நான் மூச்சு பிடிச்சுக்கிறேன்'னு சொன்னான். சொல்லிட்டு நல்லா மூச்சை உள்ள இழுத்துக்கிட்டு, வாயை மூடிக்கிட்டான். என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்."

அவர் பக்கம் கையை நீட்டினேன், அவர் கவனிக்கவில்லை. ஒரு கையால்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மற்றக் கையை மடியில் மல்லாக்க வைத்திருந்தார்.